தவக்காலத்தில் செபம் வறண்டுபோனால், தொடர்ந்து செபிப்பது நம்பிக்கையா, நடிப்பா?

தறிச்சத்தம் (கேள்வி):

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க. வீட்டிலோ கோயிலிலோ யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை இங்கே கேட்கிறேன். பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

கருமத்தம்பட்டிக்கும் சோமனூருக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறோம். எட்டு விசைத்தறிகள் வைத்து, பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிறோம். பத்து ஆண்டுகளாக எங்கள் பங்கில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் சிலுவைப் பாதையை வாசிப்பவளும் நான்தான்.

சென்ற ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை என் அம்மா இறந்துவிட்டார். அதற்கு முன் 23 நாட்கள் கோவையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். அத்தனை நாட்களும் செபமாலையை நான் கையிலிருந்து இறக்கவில்லை. அம்மா ஒருசந்தி என்னும் நோன்பிலும், இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனத்திலும் ஒரு நாளும் தவறாதவர். அறுபது வயதுக்குப் பிறகு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குச் சாமியார் எடுத்துச் சொல்லியும் விடாமல் பிடித்தவர். குருத்து ஞாயிறன்று நான் கொண்டுபோய்க் கொடுத்த குருத்தோலையை, ஊசி ஏற்றியிருந்த கையை அசைக்காமல், மற்றொரு கையாலும் பல்லாலும் பிடித்துச் சிலுவையாக மடித்து என்னிடம் கொடுத்தார். "மாதா படத்துக்குப் பின்னால சொருகி வை, வந்து பாக்கறேன்" என்றார். அவர் வீட்டுக்கு வரவேயில்லை.

இந்த ஆண்டு தவக்காலம் தொடங்கியதிலிருந்து என்னால் செபிக்க முடியவில்லை. அழுகை வந்தாலாவது பாரம் குறையும் என்று நினைக்கிறேன்; அதுவும் வரவில்லை. தறி ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது புரியும். குறுக்கே ஓடும் ஊடை இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நீளவாட்டில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தாலோ எங்கள் தறிகள் நிற்பதில்லை; சத்தம் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் மட்டும் நீளமாக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். என் நிலை அப்படித்தான் இருக்கிறது. திருப்பலிக்குப் போகிறேன், செபமாலையின் மணிகள் விரலில் நகர்கின்றன, வாய் சொல்கிறது. உள்ளே ஓர் இழை இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை பதின்மூன்றாம் நிலையில், இயேசுவின் உடலைத் தாயின் மடியில் கிடத்துகின்ற இடத்தை நான் வாசித்தபோது, எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் விம்மினார்கள். வாசித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று, நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரிக்கப் பழைய குருத்தோலைகளைக் கோயிலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கொடுத்தேன். அம்மா மடித்ததை மட்டும் கொடுக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். அதற்குப் பரிகாரமாக, அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளையும் விடாமல் நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்கிறேன். அதனாலும் ஒன்றும் மாறவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் "கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்ற பகுதி வந்தது. பாடத்தை முடித்தேன். வீட்டுக்கு வந்தபின், நானே நம்பாத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேனோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. புனித வாரத்துக்கு முன்பே வகுப்பையும் வாசிப்பையும் விட்டு விலகிக்கொள்வதுதான் நேர்மையா? பதில் தராத ஒருவர்மேல் நம்பிக்கை வைப்பது என்றால் நாள்தோறும் என்னதான் செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்காடு:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் ஈரோட்டுக்குத் தெற்கே காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் பயிரிடுகிறவன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். நீங்கள் தவக்காலம் என்று சொல்வதை நாங்கள் லெந்து நாட்கள் என்போம். உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், களத்தில் மஞ்சள் வெந்துகொண்டிருந்த நாட்களில் என் மனைவி காலமானார். நான் முப்பது ஆண்டுகள் சபையின் பாடகர் குழுவில் நின்றவன். அந்த லெந்து நாட்கள் முழுவதும் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், வாய் திறக்கவில்லை. பாட்டின் சொற்கள் தெரியும், இராகம் தெரியும், ஆனால் தொண்டை ஒத்துழைக்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிடுகிறேன் என்று ஆயரிடம் சொன்னேன். அவர் மறுக்கவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. "பாட வேண்டாம், இடத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்" என்றார். அதனால் நின்றேன். எனக்கு இருபுறமும் நின்றவர்கள் பாடினார்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய பகுதி மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. இயேசு அங்கே கண்டது, படுத்திருந்தவனுடைய விசுவாசத்தை என்று எழுதப்படவில்லை; "அவர்கள் விசுவாசத்தை" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. பல முறை கேட்ட பகுதிதான் என்றாலும், அந்த ஒரு சொல் அந்த ஆண்டில்தான் எனக்குக் கேட்டது. சென்ற வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பின்னால் விம்மிய பெண்களை நீங்கள் உங்களைக் குற்றம்சாட்டும் சாட்சிகளாக எண்ணுகிறீர்கள். அவர்கள் உங்கள் கட்டிலின் நான்கு மூலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களாகவும் இருக்கலாம்.

அடுத்த ஆண்டு பெரிய வெள்ளியன்று, பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை நடக்கும் ஆராதனையில், சிலுவையின் ஏழு வார்த்தைகளில் நான்காவதைத் தியானிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது அது. மறுத்துவிட நினைத்து, பின்பு வேதத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஏழு வார்த்தைகளில் மூன்று லூக்காவில் உள்ளன, மூன்று யோவானில் உள்ளன. மத்தேயுவும் மாற்கும் சிலுவையில் இயேசு பேசியதாக எழுதிவைத்தது இந்த ஒன்றை மட்டும்தான். அதுவும் அவருடைய தாய்மொழியின் ஓசையிலேயே விட்டு வைத்திருக்கிறார்கள். அருகில் நின்றவர்களோ அதைத் தவறாகக் கேட்டு, எலியாவைக் கூப்பிடுகிறான் என்றார்கள். அந்தக் கூக்குரலை மூடிமறைக்க அவர்கள் விரும்பியிருந்தால் எளிதாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

அது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் இரண்டாம் வசனத்தை எங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தருகிறேன்: "என் தேவனே, நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர், இரவிலே கூப்பிடுகிறேன், எனக்கு அமைதலில்லை." பதில் தராத ஒருவரைப் பற்றி நீங்கள் எழுதியதும் இதைத்தான். ஆனால் சங்கீதக்காரன் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசவில்லை. அவரிடமே பேசுகிறான், அதுவும் "என்" தேவனே என்று உரிமையோடு. இன்னும் ஏழு வசனங்கள் கடந்து, தன் தாயிடம் பால் குடித்த நாட்களிலேயே கடவுள் தனக்கு நம்பிக்கையைக் கொடுத்ததாகச் சொல்கிறான். பல்லால் ஓலையைப் பிடித்து மடித்துக் கொடுத்த உங்கள் தாயாரை நினைத்துத்தான் இந்த வசனத்தை இங்கே எழுதுகிறேன்.

நாள்தோறும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்தது மிகச் சிறியது. நீண்ட செபங்களை விட்டுவிட்டு, இரவில் விளக்கை அணைக்குமுன் அந்த இரண்டாம் வசனத்தை மட்டும் உரக்கச் சொன்னேன். பொய் சொல்லாமல் செபிக்க எனக்கு அப்போது இருந்த ஒரே வழி அதுதான். ஏறத்தாழ எட்டு மாதங்கள் அப்படியே சென்றன.

பல்லடத்தான்:

சகோதரி, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். மேலே எழுதிய ஐயாவை மதிக்கிறேன். ஆனால் வேறொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏசாயா 59ஆம் அதிகாரத்தில், "உங்கள் அக்கிரமங்களே உங்களுக்கும் உங்கள் தேவனுக்கும் நடுவாகப் பிரிவினை உண்டாக்குகிறது" என்று எழுதியிருக்கிறது. ஜெபம் உயிரற்றுப் போனால் முதலில் நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிணறு எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. மோட்டார் ஓட்டும் முறையில் வந்த சச்சரவால் ஆறு ஆண்டுகள் நாங்கள் இருவரும் பேசவில்லை. ஒரே வரப்பில் எதிரெதிரே நடந்து போவோம், முகம் பார்க்க மாட்டோம். அந்த ஆறு ஆண்டுகளும் நான் உபவாசம் இருந்தேன், முழு இரவு ஜெபங்களுக்குப் போனேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. பின்பு ஒரு பெரிய வியாழன் இரவு, கால்களைக் கழுவிய பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாய் குரைத்தது, அண்ணி கதவைத் திறந்தார், "வா, சாப்பிடு" என்றார். சண்டையைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. அன்று இரவு எனக்கு ஜெபம் திரும்ப வந்தது.

ஆகவே உங்கள் உள்ளத்தில் யார்மேலாவது கசப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர்மேல் இருக்கலாம், உடன்பிறந்தவர்கள்மேல் இருக்கலாம், கடவுள்மேலேயே இருக்கலாம். அந்தக் குருத்தோலையையும் கொடுத்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். பற்று எங்கே இருக்கிறதோ அங்கேதான் தடை இருக்கும். உபவாசத்தைக் குறைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார்:

சர்வேசுரனுக்குத் தோத்திரம். அம்மிணி, நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். கருமத்தம்பட்டிச் செபமாலை மாதா கோயில் மணி கேட்கும் தொலைவில் குடியிருக்கிறேன். நாற்பது ஆண்டுகள் உபதேசியாராக இருந்ததில், இந்தக் கேள்வியோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நல்ல விசுவாசிகள். செபத்தில் அக்கறையில்லாதவனுக்குச் செபம் வறண்டதே தெரியாது.

பல்லடத்துத் தம்பி சொன்னது அவருக்கு முழு உண்மை; அதை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்கக் கூடாது. இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் 1522ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் மன்ரேசா என்ற ஊரில் தங்கி, இதே வறட்சியில் தத்தளித்து, தான் கற்றதைப் பின்னாளில் ஆன்மீகப் பயிற்சிகள் என்ற நூலில் விதிகளாக எழுதிவைத்தார். வறட்சி வருவதற்கு அவர் மூன்று காரணங்களைச் சொல்கிறார். நம்முடைய அசட்டை ஒன்று. தம்பிக்கு நடந்தது இந்த வகையைச் சேர்ந்தது. இனிமையான கைம்மாறு எதுவும் இல்லாதபோதும் நாம் எவ்வளவு தூரம் நிற்போம் என்று பார்க்க இறைவன் அனுமதிப்பது இன்னொன்று. பக்தியுணர்வு நம் சொந்தச் சம்பாத்தியம் அல்ல, அது கொடை என்று நாம் உணர்வது மூன்றாவது. மூன்றில் ஒன்றுதான் குற்றம் சார்ந்தது. அதை மட்டுமே பிடித்துக்கொண்டு துயரத்தில் இருப்பவரைக் குடைவது, யோபுவின் நண்பர்கள் செய்த பிழை. அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள்.

அதே விதிகளில் உங்கள் கேள்விக்கு நேரான விடையும் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. தெளிவாக இருந்த நாளில் எடுத்த தீர்மானத்திலேயே நிற்க வேண்டும் என்கிறார். மறைக்கல்வி எடுப்பதென்று பத்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் முடிவு செய்தது தெளிந்த மனத்தோடுதான். அதை இந்தப் பங்குனி வெயிலில், துக்கம் முதல் ஆண்டைத் தொடுகிற நேரத்தில், தனியாக உட்கார்ந்து மாற்றாதீர்கள்.

விலகுவதே தவறு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். நம் கருமத்தம்பட்டியிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. பிரான்சு நாட்டிலிருந்து வந்த மரியோன் தெ பிரெசிலாக் ஆண்டகை 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இங்கேதான் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவை மறைப்பணித் தளம் அவர் பொறுப்பில் இருந்தது. கிறிஸ்தவர்களிடையே தொடர அனுமதிக்கப்பட்டிருந்த சாதி வழக்கங்களையும் சடங்குகளையும் மனச்சான்றுக்கு உறுத்தலின்றி ஏற்பதா மறுப்பதா என்பதில் அவர் பல ஆண்டுகள் அலைக்கழிந்தார். ஒரே இரவில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை. உரோமைக்கு எழுதினார், கேட்டார், காத்திருந்தார். இறுதியில் 1855ஆம் ஆண்டில்தான் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிக்கென ஒரு சபையைத் தொடங்கி, 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுனில் போய் இறங்கினார். ஆறே வாரங்களில், ஜூன் 25ஆம் நாள், மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். வயது 45. மனிதக் கணக்கில் பார்த்தால் இந்தியாவில் விலகல், ஆப்பிரிக்காவில் ஆறு வாரம். அவர் தொடங்கிய சபை இன்றும் அங்கே பணிசெய்கிறது. அதைப் பார்க்க அவர் இல்லை. மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். தன் பாடு விளங்காமலே நடந்தவர் ஒருவர் இந்த மண்ணில் நின்றிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒருசந்தியைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையாதவர்கள் வரை, ஒருசந்தி கடமையாக உள்ள நாட்கள் இரண்டுதான்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அந்த நாட்களிலும் ஒரு முழுச் சாப்பாட்டோடு இரண்டு சிறு உணவு உண்டு. சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று ஒருசந்தி பிடிப்பது நம் வழக்கமில்லை. வறட்சியில் தவம் சற்றுக் கூடலாம் என்று இஞ்ஞாசியாரும் சொல்கிறார், ஆனால் தகுந்த அளவில் என்கிறார். மன்ரேசாவில் அளவின்றிப் பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொண்டவர் அவர், பட்டறிந்துதான் எழுதினார். நீங்கள் அம்மாவின் ஓலையை வைத்துக்கொண்டதற்குத் தண்டனையாகச் சோற்றை விட்டிருக்கிறீர்கள். அந்தத் தண்டனையை உங்களுக்கு யாரும் விதிக்கவில்லை. பழைய ஓலையைக் கோயிலில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. மரியாதையோடு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பின்னொரு நாள் மனம் வந்தால் வீட்டிலேயே எரித்து, சாம்பலைச் செடியின் வேரில் இடலாம்.

மஞ்சள்காட்டு ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பாடல் 88 முழுவதும் புலம்பல்தான். மற்றப் புலம்பல்களைப் போலப் புகழ்ச்சியில் முடியாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை ஒதுக்கிவைக்கவில்லை. குருக்களும் துறவியரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உறங்கப் போகுமுன் சொல்லும் இரவு மன்றாட்டில் வைத்திருக்கிறது.

இரவுப்பணிச் செவிலி:

அக்கா, நான் திருப்பூரில் செவிலியாக இருக்கிறேன். பெரியவர்கள் ஆன்மீகத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் உடலைப் பற்றிக் கேட்கிறேன். இரவில் தூக்கம் வருகிறதா? முன்பு பிடித்திருந்த வேலைகளில், பிள்ளைகளோடு இருப்பதில், ஏதாவது மகிழ்ச்சி இருக்கிறதா, அல்லது செபத்தைப் போலவே எல்லாமே வெறுமையாக இருக்கின்றனவா? இறந்தவருடைய முதல் ஆண்டு நெருங்கும்போது, ஆறியதாக நினைத்த துயரம் மீண்டும் கடுமையாக வருவது மிகவும் இயல்பானது. ஆனால் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுதும் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவரைப் பார்ப்பது கடவுளை நம்பாதது ஆகாது.

வெயில் காலத்தில், தறிக்கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே, ஒருவேளை உணவோடு நாள் முழுக்க நிற்பது எனக்கு அச்சமாக இருக்கிறது. தயவுசெய்து சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். பிரான்சு நாட்டுக் கார்மேல் துறவியான குழந்தை தெரசம்மாள் 1896ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று முதன்முதலாக இரத்தம் கக்கினார், காசநோய். அந்த உயிர்ப்பு விழாவிலிருந்தே விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற இருள் அவரைச் சூழ்ந்துகொண்டது. 1897 செப்டம்பர் 30இல் 24 வயதில் இறக்கும் வரை அது விலகவில்லை. அந்த நாட்களில் அவர் விசுவாச அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவரைத்தான் நாம் பூக்களோடும் புன்னகையோடும் படமாக வைத்திருக்கிறோம். காசநோய்ப் பிரிவில் பணிசெய்த ஆண்டில்தான் அவரை எனக்குப் புரிந்தது.

பல்லடத்தான்:

உபதேசியார் ஐயா திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று கர்த்தர் சொன்னதை நான் மறந்துவிட்டேன். சகோதரி, ஓலையைப் பற்றி நான் எழுதியது தவறு. உங்களை அது வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உபவாசத்தைப் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். எங்கள் வீட்டு ஜெபத்தில் உங்களை நினைக்கிறோம்; அண்ணன் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

தறிச்சத்தம்:

எல்லோருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பல்லடத்து அண்ணாவுக்கு: வருத்தமாக இருந்தது உண்மைதான், ஆனால் நீங்கள் கேட்டதால்தான் ஒன்றைக் கண்டுகொண்டேன். எனக்கு மருத்துவர்கள்மேல் கசப்பு இல்லை. கடவுள்மேல் இருக்கிறது. அதை ஒப்புரவு அருட்சாதனத்தில் அப்படியே சொன்னேன். சாமியார் சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, இதை அவரிடமே சொல்லியிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். வகுப்பைப் பற்றி இப்போது எதுவும் முடிவு செய்ய வேண்டாம், ஆனி மாதத்தில் புதிய மறைக்கல்வி ஆண்டு தொடங்கும்போது பேசிக்கொள்ளலாம் என்றார்.

ஒருசந்தியைப் பெரியவர் சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டேன். தூக்கம் சரியாக இல்லை என்பதும் உண்மை. செவிலித் தங்கை கொடுத்த எண்ணில் பேசினேன்; அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், கணவரும் உடன் வருகிறார்.

சென்ற ஞாயிறு வகுப்பில், "கேளுங்கள், கொடுக்கப்படும்" என்ற பாடத்தை நான் உங்களுக்கு அவசரமாக முடித்துவிட்டேன், அதில் எனக்கே புரியாத ஒன்று இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அம்மாவுக்காக 23 நாட்கள் கேட்டதையும் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்து, தன் அப்புச்சிக்காகத் தானும் கேட்டதாகச் சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் கேட்டும் கிடைக்காததைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பையன் அப்பா குடியை விட வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறானாம். அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப் பாதையில் முன்வரிசையில் முழந்தாளிடுபவன். எதற்காக என்று எனக்கு இதுவரை தெரியாது. நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. அன்றைய பாடத்தை நடத்தவே இல்லை.

வெள்ளிக்கிழமை மீண்டும் வாசித்தேன். பதின்மூன்றாம் நிலையில் இம்முறையும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் அதற்காகப் பயப்படவில்லை. பின்னால் நின்றவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டே அடுத்த நிலைக்கு நடந்தேன்.

ஓலை மாதா படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது; நன்றாகக் காய்ந்து, மடிப்புகளில் மட்டும் சற்றுப் பழுத்த நிறம் தெரிகிறது. நேற்று இரவு பத்து மணிக்குத் தறிகளை நிறுத்திய பிறகு, காதில் இரைச்சல் அடங்கும் வரை படத்தின் முன் நின்றேன். மஞ்சள்காட்டு ஐயா எழுதிய வசனத்தைச் சொன்னேன். பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர் என்று உரக்கச் சொன்னேன். உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன் என்றும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இன்று இரவும் சொல்வேன்.